எயார் சிலோனும் மன்னார்க் கரையும்

மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடைப்பட்ட ஓலைத்தொடுவாயில் வாழ்ந்தோருக்குத் தமிழகம் தூரதேசமாக இருந்ததில்லை. 1914இல் தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற்சேவை அவர்களுக்கு அண்மையிலேயே அமைந்திருந்தது. புகையிரதத்தையும் கப்பலையும் இணைத்த அச்சேவையைக் கனவான்களும் பயன்படுத்தினர். மண்டபம் முகாமினூடாக வந்த தோட்டத் தொழிலாளரும் பயன்படுத்தினர். கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்னும் மூன்று கப்பல்களே தொடக்கத்தில் இப்பணிக்கு அமர்த்தப்பட்டன. பாதை ஒன்று, தொழில் ஒன்று. ஆதலின் ஏற்பாடும் எளிது.

இவ்வெளிமை ஆகாயமார்க்கத்திற்குக் கிட்டவில்லை. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் தனது முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடாத்தியது. விமானம் டக்கோட்டா, பெயர் சீதாதேவி. ஆகாயவழியே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவளின் பெயரை இலங்கையிலிருந்து புறப்படும் விமானத்திற்குச் சூட்டியவர் அந்நகைச்சுவையை உணர்ந்தே சூட்டினாரோ என்னவோ! விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்பன ஏனைய இரு டக்கோட்டாக்கள். ஓரின விமானம் மூன்றுடன், குறுகிய கடலைக் கடக்கும் பிராந்திய நிறுவனமாகவே அது பிறந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அந்நிலை நீடிக்கவில்லை. 1949இல் ஆவுஸ்திரேலிய நிறுவனமொன்று 49 சதவீதப் பங்குடன் இணைந்தது. இலண்டனும் சிட்னியும் இலக்குகளாயின. பின்னர் ஒல்லாந்த, பிரித்தானிய, பிரெஞ்சு நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கைகோத்தன. பங்காளி மாறுந்தோறும் விமானமும் மாறியது. 1970களில் பழைய டக்கோட்டா, ஹோக்கர் சிட்லி 748, ஒரேயொரு ட்ரைடன்ட், நெடுந்தூரத்துக்கு டீ.சீ.8 என அணி சிதறிக் கிடந்தது. ஒவ்வோர் இனத்திற்கும் தனி உதிரிப்பாகம், தனிப் பயிற்சி பெற்ற விமானி, தனிப் பொறியியலாளர் வேண்டும். ஒற்றை ட்ரைடன்ட் பழுதுற்றால் அதற்கீடாகப் பறக்க அவ்வினத்தில் வேறொன்றில்லை. சிறிய நாடொன்றின் நிறுவனம் சுமக்கக்கூடிய பாரமன்று இது. 1978 செப்டெம்பர் 7இல் ஹோக்கர் சிட்லி ஒன்று இரத்மலானையில் தரையில் நின்றபோது குண்டுவெடிப்பால் அழிந்தது. 1979இல் எயார் சிலோன் மூடப்பட்டது. அவ்வாண்டே எயார் லங்கா தோன்றியது.

மலிவுக் கட்டண விமானசேவையின் மருமம் பெரிதும் இவ்விடத்திலேயே உள்ளது. ஷங்ஹாயிலிருந்து 2005இல் பறக்கத் தொடங்கிய ஸ்பிரிங் எயார்லைன்ஸ் ஏ320 குடும்ப விமானங்களையே பயன்படுத்தி வளர்ந்தது. எயார் சிலோன் தன் மூன்று டக்கோட்டாக்களின் பாடத்தைப் பேணியிருந்தால் பாக்குநீரிணையின் இருகரை மக்களுக்கும் மலிவான வானூர்தி கிட்டியிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. வெளிநாட்டுப் பெருநகரங்களில் கொடி பறக்கவேண்டும் என்ற ஆசை அதனை வேறுவழியில் இழுத்துச்சென்றது.

கப்பலும் நிலைக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் போர்ச் சூழலில் நின்றது. 1990இல் தடைப்பட்ட தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டது. கப்பல் அதனுடன் மீளவில்லை. 2019 நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே ஏ.ரீ.ஆர். 72 விமானம் பறக்கத் தொடங்கி, பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. எனினும் மேற்கே கண்ணெதிர்க் கடலைக் கடக்கவேண்டிய ஓலைத்தொடுவாய்வாசி, முதலிற் கிழக்கே தாம்போதி கடந்து, பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம் எனச் சுற்றியே அவ்விமானத்தை அடைய வேண்டியவராகின்றார்.