பிடியரிசியும் தமிழ் வைத்தியமும்

பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டினால் மண்கும்பான். வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாரையும் சாட்டிக் கடற்கரையையும் மறந்த பழைய மாணவி எம்மில் எவரும் இரார். இங்கு படித்து வைத்தியத் தொழிலுக்குப் போன நாம், இம்மலரில் வைத்தியத்தோடு வந்த ஓர் ஈகையின் வரலாற்றை எழுத விரும்பினோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். அவர்கள் பணமும் கொண்டுவந்தனர். ஆனால் நிலைத்து நின்றது வேறொன்று.

1847 இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் மாணவருக்கு மேலை வைத்தியத்தைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அப்படிக் கற்றவர் பலர் நல்ல சம்பளம் தேடி வெளியூர் போயினர். கிராமத்து நோயாளி பழையபடி தனித்து நின்றார். எனவே 1860களில் கிறீன் தமிழுக்கு மாறினார். தாம் தமிழைக் கற்று, கலைச்சொற்களை ஆக்கி, மாணவரின் துணையோடு அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். வைத்தியம் கற்றதற்காக எவரும் தம் உடையையும் உணவையும் விட வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். அவரிடம் பயின்ற வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். ‘வயிறு கொதிக்குது’, ‘நெஞ்சு அடைக்குது’ என்று தாய் சொன்னால் அவள் சொல்லிலேயே விளங்கிக்கொள்ளும் வைத்தியரை அவர் ஊருக்கு விட்டுச் சென்றார்.

ஆயினும், ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட நாணிய பெண்களின் குறை தீரவில்லை. லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் திரட்டிய நிதியில், 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கு நிதியைவிடப் பெரிய கொடை, பிரசவ வேதனையில் கிடந்தவளின் அருகே வந்து நின்ற பெண் வைத்தியரே.

கொடுத்தவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர். 1832 இல் அமைந்த சுவிசேஷ சங்கத்தின் மூலம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எமது தீவுகளுக்கு ஊழியரை அனுப்பினர். அதற்காகப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். காசில்லாதவளும் கொடுப்பவளாகத் தலைநிமிர்ந்து நின்றாள். மதம் எதுவாயினும், பிடியரிசியின் பெறுமதி எம் ஊர்ப் பெண்களுக்கு நன்கு விளங்கும்.

1990களின் இடப்பெயர்வில் தீவுகள் வெறிச்சோடின. திரும்பி வந்த பல வீடுகளில் இன்று முதியவர்களே இருக்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலுமிருந்து தவறாமல் காசு அனுப்புகின்றனர். அந்தக் காசால்தான் மருந்தும் வாங்குகிறோம், கூரையும் வேய்கிறோம். அதைக் குறைத்துச் சொல்ல எமக்கு வாய் வராது. ஆனால் பிரஷர் பார்க்க வரும் அம்மா, பார்த்து முடிந்த பின்னும் எழுந்து போகாமல் இருப்பார். அவருக்கு வேண்டியது குளிசையல்ல. தம் கதையைக் கேட்க ஒரு காது. வரிசையில் பலர் காத்திருக்க, அதைக் கொடுக்க நாமும் பல நாள் தவறியிருக்கிறோம்.

அன்புச் சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் சங்கத்துக்கு நீங்கள் அள்ளித் தந்துள்ளீர்கள். இனி ஒரு பிடி நேரத்தையும் எடுத்து வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை ஊரிலுள்ள ஒரு முதியவரோடு தொலைபேசியில் பேசுங்கள். ஒரு மாணவிக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். விடுமுறையில் வரும்போது பழைய வகுப்பறையில் ஒரு நாள் இருங்கள். கிறீன் ஐயா எமது மொழியைக் கற்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். எமக்கோ அது தாய்மொழி.