பிறப்பு வழக்கமும் ஞானஸ்நானமும்: தஞ்சாவூர் முதல் ஆரணி வரை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் தொடக்கக்கால நிலையங்களுள் ஒன்று. அந்த மிஷன் தோன்றுவதற்கு முன்பே தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளைப் பிளந்த ஒரு வழக்கு தஞ்சாவூரில் நடந்திருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் தம் பிறப்பு வழக்கங்களுக்கு உண்மையாக இருக்கலாமா, அவற்றை விட்டுவிட வேண்டுமா என்பது கேள்வி. ‘உனக்கு நீ உண்மையாக இரு’ என்று இன்று தாராளமாக வழங்கப்படும் அறிவுரையை அந்த வழக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் சாதியை முழுமையாக ஏற்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. ஒரே ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்ட சாதியார் மறுபுறமும் அமர்ந்தனர். சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர் வேளாளரான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). இரண்டாம் சரபோஜியின் ஆதரவு பெற்ற கவிஞர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர்.

1820-களில் ஹௌப்ரோ முதலிய இளைய மிஷனரிகள் பழைய ஏற்பாட்டை மாற்ற முனைந்தனர். சாஸ்திரியார் நான்கு கொடுமைகளை எடுத்துச் சொல்லி எதிர்த்தார். பப்ரிசியுஸின் வேத மொழிபெயர்ப்பை நீக்கி ரேனியுஸின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துகிறார்கள். நற்கருணையில் சாதிகளைக் கலக்கிறார்கள். விழாக்களில் பூக்களை விலக்குகிறார்கள். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள். எதிர்ப்பின் விளைவாக அவர் மிஷன் பணியை இழந்தார்.

இந்தப் பட்டியல்தான் வழக்கின் மையம். பூவும் பாட்டும் பழகிய வேதமும் ஒரு மக்களின் பண்பாடு. அவற்றைப் பறித்ததில் ஐரோப்பியரின் அகந்தை உண்டு. ஆனால் நற்கருணையில் விலகி நிற்பதும் அதே பட்டியலில், அதே மனவலியோடு இடம்பெற்றது. சாஸ்திரியார் நான்கிலும் நேர்மையாகவே இருந்தார். நேர்மை, எதைக் காப்பது எதை விடுவது என்று அவருக்குச் சொல்லவில்லை. கிறித்தவப் போதனை மனிதரின் உள்ளத்தையே சோதனைக்கு உட்படுத்துகிறது. இயேசு சீடரிடம் கேட்டது தன்னை மறுப்பதை. பவுல் பழைய மனிதனைக் களையச் சொன்னார். அந்தப் பந்தியில் பின்னால் நிற்க வைக்கப்பட்டவருக்கும் ஒரு சுயம் இருந்தது. வேளாளரின் வழக்கம் காக்கப்பட அவருடையது ஒடுங்க வேண்டியிருந்தது.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்கக் கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் விலகினர். பின்னர் ஒரு பகுதியினர், சாதி விஷயத்தில் கண்டிப்புக் குறைந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். கட்டளையால் மனம் மாறிவிடும் என்று வில்சன் எண்ணியிருந்தால் அது அவருடைய அப்பாவித்தனம்.

வழக்கின் மற்றொரு முடிவு பாட்டில் கிடைத்தது. மதுரை அமெரிக்க மிஷன் 1847 முதல் சாதியைக் கடுமையாக எதிர்த்தது. அதைச் சேர்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் துணையோடு தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் வெளியிட்டார். ஆற்காடு மிஷன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். இரு அமெரிக்க மிஷன்களின் சபைகளும் காலப்போக்கில் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. அத்திருச்சபையின் கீர்த்தனைப் புத்தகத்தில் சாஸ்திரியாரின் பாடல்கள் இன்றும் உள்ளன.