கடை அடைத்த பிறகு பாரிமுனை

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மெரினாவுக்குப் போவார்கள், மயிலாப்பூருக்குப் போவார்கள், தி.நகரில் துணி எடுப்பார்கள். பாரிமுனைக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. வேலை இருந்தால்தான் போவார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு, மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு, வழக்கு இருந்தால் ஹைகோர்ட். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஓடி வந்துவிடுவார்கள்.

ஆனால் இந்த ஊரின் பாதி சரித்திரம் ஷட்டர் இறங்கிய பிறகுதான் நடந்திருக்கிறது.

முதலில் பெயர். கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர்கள் 'கறுப்பர் நகரம்' என்றார்கள். இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் அந்தப் பழைய நகரம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். எதிரி வந்தால் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டுமாம்! இதற்கு மேல் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைக்கல் நட்டார்கள். அதில் ஒன்று பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்னமும் நிற்கிறது. துரத்தப்பட்டவர்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். அதுதான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது.

பெத்தநாயக்கன் யார் தெரியுமா? ஊரின் காவல்காரர். போலீஸ் என்று ஒன்று வருவதற்கு முன்னால், 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இரவுக் காவல் இவர் பொறுப்பு. தலையாரிகளை வைத்துக்கொண்டு தெருக்களைக் காக்க வேண்டும். அதற்குக் கூலியாக வயல்களும், நெல், மீன், எண்ணெய், பாக்கு போன்ற சரக்குகளில் சிறு வரியும் உண்டு. திருட்டுப் போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தை அவரே கட்ட வேண்டும். (இந்த விதி இன்றைக்கும் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!) பகலில் வியாபாரிகளின் ஊராக இருந்தது இரவில் அவர் ஊராக இருந்தது என்பதால்தானோ என்னவோ, பேட்டைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே குஜிலிக் கடைத்தெரு பிரபலம். குஜிலி என்றால் அந்தியில் கூடும் சந்தை. இன்றும் பூங்கா நகர் பக்கம் 'ஈவினிங் பஜார்' என்ற பெயர் இருக்கிறது. வேலை முடிந்த கூலிக்காரர்கள் கூடும் நேரம் அது. அங்கே காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று அன்றைய சேதி எதுவானாலும் சில நாளில் பாட்டாக அச்சாகிவிடும். விற்பவரே பாடிக் காட்டி விற்பார். பண்டிதர்கள் இதைக் 'குஜிலி இலக்கியம்' என்று ஏளனம் செய்தார்கள். இரவல் வாங்கிக்கூடப் பத்திரிகை படிக்க முடியாதவர்களுக்கு அதுதான் செய்தித்தாள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

பெரிய செய்தி ஒன்றும் இரவில்தான் வந்தது. 1914 செப்டம்பர் 22, இரவு சுமார் ஒன்பதரை மணி. ஜெர்மனியின் எம்டன் கப்பல் கடலிலிருந்து குண்டு வீசியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்களில் கப்பல் மறைந்துவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். கெட்டிக்கார ஆளை 'எம்டன்' என்று தமிழில் சொல்வது அன்று தொடங்கியதுதான்.

பர்மா என்றதும் இன்னொரு கதை. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த சில வருடங்களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையுடன் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே வரிசையாகக் கடைகள் வந்தன. அதுதான் பர்மா பஜார். 'ஃபாரின்' சாமான் என்றாலே வாய் பிளந்த காலத்தில் டேப் ரிக்கார்டருக்கும் வாட்ச்சுக்கும் ஊரே அங்கே வந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதி தாராளமானதும் அந்த மவுசு குறைந்தது. ஆனால் குறையாமல் நின்றது சாப்பாடு. செகண்ட் லைன் பீச்சில் ஆபீஸ்கள் மூடும் நேரத்தில் அத்தோ வண்டிகள் வரும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். ஒரு நாட்டை இழந்தவர்கள் அதன் ருசியை மட்டும் கொண்டு வந்து பேங்க் கட்டடங்களின் நிழலில் விற்கிறார்கள்.

சௌகார்பேட்டைப் பக்கம் போனால் வேறு வாசனை. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நகைக்கடைகள் மூடும் வேளையில் சீனா பாய் கடையில் நெய் இட்லிக்கும் ஊத்தப்பத்துக்கும் கூட்டம் நிற்கும். மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச், மசாலா பால்.

ஆனால் சாப்பாட்டுக் கதையோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். இந்த இரவின் முதுகெலும்பு கொத்தவால் சாவடி. கடைத்தெருவை மேற்பார்த்த கொத்தவாலின் பெயரில் இருந்த அந்தக் காய்கறிச் சந்தைக்கு நள்ளிரவில் லாரிகள் வரும். விடிவதற்குள் மூட்டைகள் இறங்க வேண்டும். சுமை தூக்குபவர், வண்டி இழுப்பவர், அவர்களுக்கு டீ விற்பவர் என்று ஒரு நகரமே விழித்திருந்தது. 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர் பஸ்களும் பிராட்வேயை விட்டு அங்கேயே போயின. (2023 கடைசியில் தென்மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது தனிக்கதை.) நெரிசல் குறைந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நெரிசலில் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

பலர் எங்கேயும் போகவில்லை. ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. பிழைக்க வந்த தாத்தா மூட்டை தூக்கினார், மகன் மீன்பாடி வண்டி மிதித்தார், பேத்தி தெரு விளக்கில் பாடம் படிக்கிறாள் என்கிற மாதிரிக் குடும்பங்கள். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. நல்ல விஷயம். ஆனால் அவை இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை நாலு மணி வேலைக்கு அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவது? அதனால் வீடு கிடைத்தும் திரும்பி வந்தவர்கள் உண்டு. 1773-ல் கல் நட்டு 'இதற்கு அப்பால் போ' என்று சொன்ன ஊர், இன்றும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது.

இரவு பத்து மணிக்கு மேல் போனால் பார்க்கலாம். மூடிய ஷட்டருக்கு முன்னால் பாய், கொசுவலை, மூன்று கல் அடுப்பு, கம்பிவேலியில் காயும் பள்ளிச் சீருடை. காலையில் முதலாளி வந்து பூட்டைத் திறப்பதற்குள் அத்தனையும் ஒரு கோணிக்குள் போய்விடும்.