சென்னைக்கு வந்த தந்தி

வால்மீன் தோன்றினால் அரசர்க்கு ஆகாது என்று முன்னோர் அஞ்சினர். உண்மையில் ஆபத்து அந்த வால்மீனுக்கே நேர்வதுண்டு. வால்மீன்கள் உடைகின்றன, துகளாகி மறைந்தும் போகின்றன. இவ்வுண்மை புலப்பட்ட வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, மாணவ நண்பர்களே! அதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1826ஆம் ஆண்டில் பீலா என்னும் ஆஸ்திரியப் படை அதிகாரி ஒரு வால்மீனைக் கண்டார். ஏழாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அது கதிரவனை ஒருமுறை சுற்றி வந்தது. 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நோக்கிக்கொண்டிருந்தவர்கள் வியக்கும்படி, அது இரண்டாகத் தெரிந்தது. ஒரு சமயம் ஒன்று ஒளிரும்; மறு சமயம் மற்றொன்று. 1852இல் இரண்டும் திரும்பின. இடைவெளி பல மடங்கு பெருகியிருந்தது. அதன்பின் அவை வரவேயில்லை. 1872 நவம்பர் 27ஆம் நாள் இரவு, அவ்வால்மீனின் பாதையைப் பூமி கடந்தபோது, ஐரோப்பிய வானில் எரிமீன்கள் ஆயிரக்கணக்கில் பொழிந்தன.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து வானநூலறிஞர் கிளிங்கர்ஃபூஸ் இவ்வாறு எண்ணினார்: இவை பீலாவின் துகள்களாயின், வால்மீன் பூமியை உரசிச் சென்றிருக்க வேண்டும், எனில் இப்போது அது எரிமீன்கள் வந்த திசைக்கு எதிரே, தென்வானத்துத் தீட்டா செண்டாரி என்னும் விண்மீனின் அருகே தெரிய வேண்டும். கோட்டிங்கனிலோ அவ்விண்மீன் அடிவானத்தை விட்டு எழுவதே அரிது. எங்கள் சங்கரன்கோயில் கரிசல் காட்டில் நின்று பார்த்தால், அது உச்சிக்குப் பாதி உயரம்வரை ஏறுகிறது. சென்னையிலும் ஏறக்குறைய அவ்வாறே. எனவே தந்தி சென்னை வானாராய்ச்சி நிலையத்துக்குப் பறந்தது. அங்கே இருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை ஒப்பிட இன்றும் வழங்கும் அளவுமுறையை 1856இல் வகுத்தவர் இவரே.

அதுவோ கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னை வானம் எவ்வாறு இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை! ஆயினும் டிசம்பர் தொடக்கத்தில், அடுத்தடுத்த இரு விடியல்களில், முகில் விலகிய நேரம் பார்த்து, தந்தி சொன்ன பக்கத்தில் ஒரு வால்மீனைப் போக்சன் கண்டுவிட்டார். பின்னர் முகில் மூடிக்கொண்டது. பாதையைக் கணிக்க மூன்று நாளைய இடக்குறிப்புகள் வேண்டும், கிடைத்தவை இரண்டே. பீலா இருந்திருக்க வேண்டிய இடத்தோடு அது பொருந்தவில்லை என்பது பிற்காலக் கணக்கு. அது வேறொரு வால்மீன் என்றே இன்று கருதுகின்றனர். தேடியது ஒன்று, அகப்பட்டது மற்றொன்று. விந்தையிலும் விந்தை அல்லவா?

வால்மீன் ஏன் உடைகிறது? அதன் கரு பனியும் தூசியும் தளர்வாகச் சேர்ந்த கட்டி. காய்ந்த கரிசல் மண்கட்டியின் உறுதிகூட அதற்கு இல்லை எனலாம். பெருங்கோளை நெருங்கினால், அண்மைப் பக்கம் வலுவாகவும் சேய்மைப் பக்கம் மெலிவாகவும் இழுபட்டுப் பிளக்கும். ஷூமேக்கர்-லெவி வால்மீனை 1992இல் வியாழன் அவ்வாறே துண்டாடிற்று. 1994 ஜூலையில் அத்துண்டுகள் வியாழன்மீதே வீழ்ந்தன. வேறு சில, வெயிலால் பனி ஆவியாகிப் பீறிடும்போது பம்பரம்போல் விரைந்து சுழன்று சிதறுகின்றன.

அறிஞர் துண்டுகளின் இடங்களை நாள்தோறும் அளந்து, அவற்றின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணித்து, பிளந்த காலத்தை அறிகின்றனர். 2016 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி இக்கேயா-முரக்காமி என்னும் வால்மீனின் துண்டுகளை மூன்று நாட்கள் படமெடுத்தது. அவை பிரிந்து சென்ற வேகம் மனிதர் நடக்கும் வேகமே! இத்தகைய கருவி போக்சனுக்கு வாய்க்கவில்லை. அவர் 1891இல் மறையும்வரை சென்னையிலேயே பணியாற்றினார்.

பீலாவின் துகள்கள் 1885 நவம்பர் 27ஆம் நாள் மீண்டும் ஒருமுறை மழையாய்ப் பொழிந்தன. பிறகு அம்மழையும் மெலிந்துவிட்டது.