கேட்பவனை நோக்கிய தருக்கம்: தமிழில் அளவையியல் வளர்ந்த வழி

நமக்கு ஓர் அறிவு எந்த வழியாக வந்தது, அந்த வழி நம்பத்தக்கதா என்பதை ஆராய்வது அளவை. அப்படி வந்த அறிவை எதிர்ப்பவன் முன் எப்படி நிலைநாட்டுவது என்பது தருக்கம். இந்திய மரபில் இரண்டும் ஒரே நூலுக்குள் வாழ்ந்தன. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) வாதக்கலையைத் தனி நூல்களில் விரிவாக எழுதியவர். ஆனாலும் பிற்காலம் அவரிடமிருந்து முதன்மையாக எடுத்துக்கொண்டது, யார் யாரிடம் சொன்னாலும் மாறாத வாக்கிய வடிவத்தைத்தான். அந்தப் பாதை 1879இல் ஃபிரேகேயின் குறியீட்டு அளவையியலில் போய் முடிந்தது. தமிழில் அமைந்த அளவையியலோ எதிரே நிற்பவன் யார் என்ற கேள்வியைக் கடைசி வரை விடவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியின் தடத்தைப் பின்தொடர்கிறது.

தொல்காப்பிய மரபியலின் இறுதியில் வரும் 32 உத்திகளைத் தமிழ் அளவையியலின் தொடக்கமாகக் காட்டுவது வழக்கம். அர்த்தசாத்திரத்தின் கடைசிப் பகுதியும் 32 தந்திரயுத்திகளையே சொல்கிறது. இவ்விரண்டும் நூல் யாக்கும் நெறிகளே தவிர வாதம் செய்யும் நெறிகள் அல்ல. ஆகவே அவற்றைத் தருக்கத்தின் முன்வரலாறாகக் கொள்ளலாமே ஒழிய, தொடக்கமாகக் கொள்வதற்கில்லை. வாதம் பொதுவெளியில் நடந்ததற்கு வேறு சான்று உண்டு. புகார் நகரில் அறிஞர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி நட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது.

தமிழில் நமக்குக் கிடைக்கும் முதல் முறையான அளவை நூல் ஒரு காப்பியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் தவ வேடத்தோடு திரியும் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று பத்து அளவைகளை அடுக்குகிறான். வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று கணக்கும் சொல்கிறான். பிறகு 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் இந்த நீண்ட பட்டியலை இரண்டாகச் சுருக்கிவிடுகிறார்: காட்சி ஒன்று, கருத்து ஒன்று. மற்றவை எல்லாம் கருத்தளவையில் அடங்கும் என்பது பௌத்தர் நிலை.

அதன்பின் வருவது கதை கேட்க வந்த வாசகர் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி. ஒரு வாதத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்பு. இது நியாய சூத்திரத்தார் வகுத்தது. இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. இவ்வளவு சொன்னபின், அடுக்களை போலவே இந்த மலையிலும் புகை உள்ளது, ஆகவே நெருப்பும் உள்ளது என்று மீண்டும் சொல்வது மிகை என்பது பௌத்தர் வாதம். கடைசி இரண்டையும் அவர்கள் திட்டாந்தத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஏதுவுக்கு மூன்று சோதனைகளும் வைத்தார்கள்: அது பேசப்படும் பொருளில் இருக்க வேண்டும், அதை ஒத்த பொருளிலும் இருக்க வேண்டும், ஒவ்வாத பொருளில் இருக்கவே கூடாது. இந்த மூன்று சோதனைகளையும் கறாரான ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் திக்நாகர். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறுகிறது.

மணிமேகலை பிழைகளைப் பட்டியலிடும் இடம்தான் நம் கேள்விக்கு நேர்விடை. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10, ஆக 33. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசமும் இதே 33ஐ இதே பகுப்போடு தருகிறது. அந்நூலை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். மணிமேகலை திக்நாகருக்கு முந்தியது என்று ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அது நியாயப்பிரவேசத்தைப் பின்பற்றுவது என்றார் குப்புசாமி சாஸ்திரி. பட்டியல் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதைப் பார்த்தால் சாஸ்திரியின் பக்கமே வலுவானது என்பது என் கணிப்பு. கால ஆராய்ச்சிக்கு இந்தக் காதை பயன்பட்ட அளவுக்கு அதன் தருக்கம் படிக்கப்படவில்லை என்பது வேறு குறை.

பிழைகளில் சில யாருக்கும் பிழைதான். ஒலி செவிக்குப் புலனாகாது என்பது காட்சிக்கு முரண். என் தாய் மலடி என்பது தன் சொல்லோடு தானே முரண். ஆனால் இன்னொன்றைப் பாருங்கள். ஒலி அழியக்கூடியது என்பது பௌத்தருக்கு உடன்பாடான கொள்கை. அதையே ஒரு பௌத்தன் சாங்கியனை நோக்கிச் சொன்னால் பக்கப்போலி ஆகிவிடும். சாங்கியன் கணக்கில் எதுவும் அழிவதில்லை, மறைகிறது, அவ்வளவுதான். அழிவு என்பதையே ஒப்பாதவனிடம், ஒலிக்கு அழிவு உண்டு என்று தொடங்குவது பயனற்றது. வாக்கியம் மாறவில்லை, கேட்பவன் மாறினான், வாக்கியம் பிழையாயிற்று. இதை வடிவ ஒழுங்கு போதாத அரைகுறை அளவையியல் என்று தள்ளுவோர் உண்டு. வாதத்தின் நோக்கம் ஒருவனை இசையச் செய்வது என்றால், அவன் எதை ஒப்புகிறான் என்பதும் ஆராய வேண்டிய தரவுதானே?

சமணரின் நீலகேசி இந்தக் கலையை நூல் முழுவதும் நடத்திக் காட்டுகிறது. நாவல் கிளை நட்டு வாதுக்கு அழைத்த குண்டலகேசியின் கதைக்கு எதிராக எழுந்த நூல் அது. நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் சென்று வாதிடுகிறாள். ஆளுக்கு ஏற்ப அவள் வாதமும் மாறுகிறது.

பௌத்தமும் சமணமும் தமிழகத்தில் தளர்ந்த பின் 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தம் சாத்திர வடிவம் பெற்றது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்துச் செல்கிறது. மூன்றே உறுப்பு. இதைப் பௌத்தரிடமிருந்து பெற்றது என்று அறுதியிட முடியாது, ஏனெனில் மீமாம்சகரும் மூன்று உறுப்பு போதும் என்றவர்களே. உயிர் உண்டு என நாட்டும் மூன்றாம் நூற்பா ஏதுக்களை வரிசையாக அடுக்குகிறது. எதுவும் இல்லை என்பவனுக்கு ஒரு விடை: இல்லை என்று அறிந்து சொல்கிற ஒன்று இருக்கிறதே. உடலே உயிர் என்பவனுக்கு வேறு விடை: என் உடல் என்று பிரித்துப் பேசுகிறாயே. இப்படி ஒவ்வோர் ஏதுவும் ஒவ்வொரு எதிராளிக்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளையும் சொல்லி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். பௌத்தர் தனி அளவையாக ஏற்காத உரைக்கு அங்கே தனி இடம் கிடைத்தது. ஒலி நிலையற்றது, செய்யப்பட்டதால், குடம் போல என்று பௌத்தர் காட்டிய குடத்தையே, உலகுக்குச் செய்தவன் ஒருவன் உண்டு, குடத்துக்குக் குயவன் போல என்று சைவர் எடுத்துக்கொண்டார்கள்.

இடையில் மிதிலையில் கங்கேசர் தொடங்கிய நவ்விய நியாயம் சொல் நுணுக்கத்தில் வெகுதூரம் சென்றது. தமிழுக்கு அது பாடநூல் வழியாக, தாமதமாகவே வந்தது. 1785இல் மறைந்த, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் தமிழாக்கினார். தன்பொருட்டு அனுமானம், பிறர்பொருட்டு அனுமானம் என்ற பாகுபாட்டை அந்நூல் விளக்குகிறது. நெருப்பைத் தானே ஊகித்து அறிய ஐந்து உறுப்பு வாக்கியம் தேவையில்லை, பிறருக்கு உணர்த்தும்போதுதான் அது தேவை.

19ஆம் நூற்றாண்டில் மேலைத் தருக்கம் யாழ்ப்பாணத்துக்குக் கல்விக்கூடங்கள் வழியாக வந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அதை நியாய இலக்கணம் என்ற நூலாகத் தமிழில் எழுதினார். அதே ஊரில், 1854இல் ஆறுமுக நாவலர் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். கோயில் வழிபாட்டைப் பழித்த பாதிரிமாருக்கு அவர் ஆகமத்தை மட்டும் காட்டி விடை சொல்லவில்லை. ஆகமத்தை அவர்கள் அளவையாக ஒப்பமாட்டார்கள். அதனால் விவிலியத்தைத் திறந்து, எருசலேம் ஆலயத்தில் தூபமும் விளக்கும் படையலும் இருந்ததைக் காட்டி, இவற்றை நீங்கள் எப்படிப் பழிக்கலாம் என்று கேட்டார்.