நீலத் திரையின் பூர்வீகம்

ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தினால், ஓடிக்கொண்டிருந்த படத்தை மறைத்துக்கொண்டு ஒரு கருநீலத் திரை வரும். இடப்பக்கம் ஐந்தாறு வரிகள், அவற்றில் ஒன்றின்மேல் மஞ்சள் பட்டை. உள்ளே போனால் 9750, 10600, 27500 என்று எண்கள். கீழே இரண்டு நீளக் கோடுகள்: ஒன்று சிக்னலின் பலம், மற்றது அதன் தரம். எல்லாவற்றுக்கும் கடைசியில், யாரும் கேட்காமலே வைத்திருந்த டெட்ரிஸ். 1990களின் இறுதியிலிருந்து சாட்டிலைட் ரிசீவரோடு பழகியவர்களுக்கு இந்தத் திரை மறக்காது. இதை வரைந்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. பல நாட்டுக்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், கைமாற்றிக் கைமாற்றிச் செய்த திரை இது.

கதை லண்டனில், காதுகேளாதவர்களுக்காக நடந்த ஒரு முயற்சியில் தொடங்குகிறது. தொலைக்காட்சிப் படத்தின் மேல்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத சில கோடுகள் வெறுமனே கிடந்தன. வசன வரிகளை அவற்றில் ஏற்றி அனுப்ப முடியுமா என்று பார்த்தார்கள் பி.பி.சி. பொறியாளர்கள். வசனம் என்ன, முழுப் பக்கமே அனுப்பலாம் என்று தெரிந்தது. 1974 செப்டம்பர் 23 அன்று சீஃபாக்ஸ் என்ற எழுத்துச் சேவை தொடங்கியது. வரிக்கு 40 எழுத்து, கறுப்பையும் சேர்த்து மொத்தம் எட்டு நிறம். செய்தி, வானிலை, பங்குச் சந்தை எல்லாம் அதற்குள்ளேதான். 1980களின் பிற்பகுதியில் பக்கம் தாவுவதற்காக ரிமோட்டில் நான்கு நிறப் பொத்தான்கள் வந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். உங்கள் வீட்டு டி.டி.எச். ரிமோட்டில் அதே நான்கு, அதே வரிசையில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

சீஃபாக்ஸ் வந்த மறு ஆண்டு, கொழும்பில் ஒரு வீட்டில் டிஷ் ஏறியது. செயற்கைக்கோள் வழியாக உலகத்துக்கே ஒலி, ஒளி அனுப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு அது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் மூலம் இந்தியா ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பிய காலம். இந்தியப் பொறியாளர்கள் கிளார்க்குக்கும் ஒரு டிஷ் அமைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே இல்லை. அண்டை நாட்டு நிகழ்ச்சியை வானத்திலிருந்து நேராக வாங்கிப் பார்த்த தனிமனிதராக அவர் இருந்தார். மெனுவுக்கு அங்கே வேலையே இல்லை, கோளும் ஒன்று, சேனலும் ஒன்று.

அமெரிக்காவில் 1976-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு தன் வீட்டுக்கென்று ஒரு டிஷ்ஷைத் தானே செய்து, கேபிள் கம்பெனிகளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ஒளிபரப்பைப் பிடித்தார். பார்த்ததற்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று ஹெச்.பி.ஓ.வுக்கு 100 டாலர் காசோலையும் அனுப்பினார். பின்னாலேயே அமெரிக்கக் கிராமங்களில் பெரிய பெரிய டிஷ்கள் முளைத்தன. கோளின் பெயரைச் சொல்லும் எழுத்தையும் எண்ணையும் தட்டினால் மோட்டார் உறுமிக்கொண்டு டிஷ்ஷைத் திருப்பும்.

எந்தச் சேனலில் எப்போது என்ன என்று காட்டும் கட்டம் ஓக்லஹோமாவின் துல்சா நகரத்துச் சரக்கு. அங்கிருந்த யுனைடெட் வீடியோ என்ற நிறுவனம், நிகழ்ச்சி நிரலை மட்டுமே ஓட்டும் ஒரு சேனலைக் கேபிள்காரர்களுக்கு விற்றது. இடப்பக்கம் சேனல்கள், மேலே அரை மணி நேரக் கணக்கு. அதை ஓட்டியது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. அமிகா என்ற வீட்டுக் கணினி, ஒவ்வொரு கேபிள் அலுவலகத்திலும் ஒன்று. அது தடுமாறி நின்றால் நிரலுக்குப் பதில் கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் சிமிட்ட, ‘குரு மெடிட்டேஷன்’ என்ற பிழைச் செய்தி ஊர் முழுக்கத் தெரியும். 1994 ஜூனில் டைரக்டிவி 18 அங்குல டிஷ்ஷோடு டிஜிட்டல் சேவையைத் தொடங்கியபோது, இந்தக் கட்டம் பெட்டிக்குள்ளேயே குடியேறியது.

நம் பக்கம் கதை இன்னும் சுவையானது. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கலத்திலிருந்து ஏவிய வெஸ்டார் 6 கோள் தவறான பாதையில் போய் வீணானது. நவம்பரில் டிஸ்கவரி வீரர்கள் அதைக் கையால் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து விற்றார்கள். 1990 ஏப்ரலில் சீன ராக்கெட் ஒன்று அதை மறுபடி மேலே கொண்டுபோனது. இப்போது அதன் பெயர் ஆசியாசாட் 1. மறு ஆண்டு ஸ்டார் டி.வி. அதில் ஏறியது. இந்தியக் கேபிள்காரர்கள் மாடியில் ஏற்றிய பெரிய டிஷ்கள் பல, பழைய பொருளாய் விலைபோன அந்தக் கோளைத்தான் அண்ணாந்து பார்த்தன. ஆனால் மெனு இன்னும் வீட்டுக்கு வரவில்லை. சேனலுக்கு ஒரு ரிசீவர் என்று கேபிள்காரர் அறையில் அடுக்கடுக்காக இருக்கும். சரிசெய்வது அவர் பாடு, நமக்குப் படம் வந்தால் போதும்.

டிஜிட்டல்தான் நிலைமையை மாற்றியது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். புள்ளி குறையும்வரை டிஷ்ஷைத் திருப்பினால் ஆயிற்று. டிஜிட்டலில் படம் இருக்கும், இல்லாவிட்டால் கறுப்பாக இருக்கும். இருட்டில் எந்தப் பக்கம் திருப்புவது? அதற்குத்தான் அந்த இரண்டு கோடுகள். பலக்கோடு, டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கி கிளப்பும் இரைச்சலையும் சேர்த்தே அளக்கும், அதனால் டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் அது பாதிக்கு மேல் ஏறி நிற்கும். தரக்கோடு அப்படி ஏமாற்றாது, வந்த தகவலில் பிழை எவ்வளவு என்று பார்த்தே நகரும். பலக்கோட்டை நம்பி ஏமாந்து, தரக்கோட்டைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எண்களுக்கும் ஊர் உண்டு. 27500 என்பது ஐரோப்பியக் கோள்களில் இருக்கும், 33 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள டிரான்ஸ்பான்டர் என்ற ஒளிபரப்புக் கருவிகளுக்குப் பொருந்திய தகவல் வேகம். 9750, 10600 இரண்டும் ஐரோப்பிய அலைவரிசைக்காக எல்.என்.பி.க்குள் வைத்த அலையெண்கள். வானத்திலிருந்து வரும் அலையிலிருந்து அவற்றைக் கழித்தால், கேபிளில் அதிகம் தேயாமல் இறங்கி வரக்கூடிய அலை மிஞ்சும். ஐரோப்பாவுக்காகப் பொறித்த இந்த எண்களை நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓ.கே. கொடுத்து ஏற்றுக்கொண்டோம்.

இந்தத் திரையின் கதையில் கரோக்கேக்கும் ஒரு பங்கு உண்டு. 1989-ல் சியோலில் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது கரோக்கே இயந்திரம். ஓடும் படத்தின்மேல் பாட்டு வரிகளை ஏற்றிக் காட்டுவது அதன் வேலை. 1990களின் நடுவில் ஐரோப்பா டிஜிட்டலுக்கு மாறத் தொடங்கியதும், அதே ஆட்கள் சாட்டிலைட் ரிசீவர் செய்ய இறங்கினார்கள். ஹூமேக்ஸ் என்ற பெயரில் ஐரோப்பிய, அரபுக் கடைகளை நிரப்பினார்கள். படத்தின்மேல் எழுத்தை மிதக்கவிடத் தெரிந்தவர்களுக்கு மெனு கைவந்த கலைதானே.

அந்தத் திரையின் முரட்டு அழகுக்குக் காரணம் ரசனைக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுத்துக்காக ஒதுக்கிய நினைவகம் சிறியது, நிறம் 16 அல்லது 256-க்கு மேல் கிடையாது. படக்குழாய் டி.வி. படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும், ஆகவே விளிம்பில் ஒன்றும் எழுதக் கூடாது. அது ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாற்றி மாற்றி வரையும், ஆகவே மெல்லிய கிடைக்கோடு போட்டால் துடிக்கும். சிவப்பு கசியும். நீலத்தில் வெள்ளையும் மஞ்சளும் கண்ணுக்கு இதம். இத்தனை தடைக்குள், பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் படிக்கும்படி 12,000 மெகாஹெர்ட்ஸ் சங்கதியை அடக்கியவர்கள் கெட்டிக்காரர்கள்.

எல்லோரும் கெட்டிக்காரர்கள் அல்லர் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. ஊடக அதிபர் லியோ கிர்ஷ் 1996-ல் டி.எஃப்.1 என்ற கட்டணச் சேவையைத் தொடங்கினார். அதற்கான டி-பாக்ஸ் பெட்டியை நோக்கியா செய்தது. பெட்டி உறுதி, மெனுவோ ஆமை. சேனல் மாற்றிவிட்டுக் காத்திருந்து வெறுத்துப்போன பொறியாளர் ஒருவர், ‘டாக்டர் ஓவர்ஃப்ளோ’ என்ற புனைபெயரில், டி.வி.பி.2000 என்ற மாற்று மென்பொருளைத் தனியாகவே எழுதினார். வேகம் மட்டும் கூடவில்லை. கம்பெனி மறைத்து வைத்திருந்த எண்களையெல்லாம் அது திரையில் கொட்டியது. பெட்டியின் பின்னால் சும்மா கிடந்த கணினி இணைப்புக்கும் வேலை கொடுத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

அடுத்து வந்த டி-பாக்ஸ் 2-ம் மந்தம்தான். இம்முறை ஆர்வலர்கள் கூட்டமாகவே சேர்ந்து அதில் லினக்ஸை ஏற்றி, நியூட்ரினோ, எனிக்மா என்று இரண்டு மெனுக்கள் செய்தார்கள். 2002-ல் கிர்ஷின் குழுமம் திவாலானது. மெனு பிழைத்துக்கொண்டது. ஜெர்மனியின் லூனன் நகரிலிருந்து வந்த ட்ரீம்பாக்ஸ் பெட்டி எனிக்மாவைத் தன் முகமாக்கிக்கொண்டது. அது விற்ற வேகத்தைப் பார்த்துச் சீனாவில் அச்சு அசலாக நகல் எடுத்தார்கள். மெனு திறந்த மென்பொருள், யாரும் எடுக்கலாம். மூடியிருந்தது வன்பொருளை இயக்கும் பகுதி மட்டும். நகலைக் கண்டுபிடிக்கும் பொறிகளை நிறுவனம் அங்கே ஒளித்தது, நகல்காரர்கள் அவற்றைத் தாண்டினார்கள், மறுபடி பொறி, மறுபடி தாண்டல். இதற்கிடையே கொரியாவின் வூ பிளஸ் போன்ற பெட்டிகளும் எனிக்மாவின் இரண்டாம் பதிப்பை முறையாகவே எடுத்துக்கொண்டன.

மலிவுப் பெட்டிகளின் பாதை வேறு. தைவானின் அலி நிறுவனம் ரிசீவர் சிப்போடு மாதிரி மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தது. பெட்டி செய்கிறவர் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றினால் போதும். அதனால்தான் அரபுக் கடையில் ஒரு பெயரிலும் நம் ஊர்க் கடையில் வேறு பெயரிலும் விற்ற பெட்டிகளுக்கு உள்ளே ஒரே திரை, ஒரே வரிசை, சில சமயம் ஒரே எழுத்துப்பிழை.  

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் இலவச டி.டி.எச். சேவையைத் தொடங்கியபோது, அந்தத் திரை கேபிள்காரர் அறையிலிருந்து நம் வரவேற்பறைக்கு வந்துசேர்ந்தது. மாடியில் அண்ணன் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே தங்கை தரக்கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். “வந்துருச்சு… ஐயோ போயிருச்சு, கொஞ்சம் இந்தப் பக்கம்!” எந்தப் பக்கம் என்று மாடியில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அன்று வானத்தில் ஓர் இடத்தைக் கையால் தேடிப் பிடித்தோம். இன்றைய பெட்டிகள் படங்களை வரிசையாக அடுக்கி, எண்களை எங்கோ ஆழத்தில் புதைத்துவிட்டன. வசதிதான். ஆனால் பார்வையாளரைப் பாதி மெக்கானிக்காக மதித்த அந்தத் திரையின் இடத்தில் வேறெதுவும் வரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

2012-ல் ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி அனலாக் சாட்டிலைட்டை அணைத்தது. அக்டோபர் 23 அன்று சீஃபாக்ஸ் நின்றது. சீஃபாக்ஸ் பக்கங்களை ஆர்வலர்கள் இப்போது பழைய வி.எச்.எஸ். நாடாக்களிலிருந்து மீட்கிறார்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால், சிதைந்த பல பிரதிகளை ஒப்பிட்டு ஒரு நல்ல பிரதி எடுக்க முடிகிறது. துல்சா நிரலை அமிகாவில் மறுபடி ஓட்டுகிறவர்களும் உண்டு. ரிசீவர் மெனுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெரும்பாலும் அது பெட்டிக்குள் ஒரு சிறு சிப்பில்தான் இருந்தது. பெட்டி பழைய இரும்புக்குப் போனால் அதுவும் சேர்ந்தே போய்விடும். பரணில் அப்படியொரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை மின்சாரம் கொடுத்து, டி.வி.யில் மாட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மென்பொருள் பதிப்பு எண் காட்டும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எந்தப் பெட்டி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.