பறிமுதலான ராதை

1911-இல் சென்னைப் போலீசார் ஒரு காவியத்தைப் பறிமுதல் செய்தார்கள். அரசை எதிர்த்து ஒரு வரிகூட அதில் இல்லை. ராதை, கண்ணன், இருவருக்கும் இடையே வந்த பிணக்கு, அவ்வளவுதான் கதை.

நூலின் பெயர் ‘ராதிகா சாந்தவனம்’. 18-ஆம் நூற்றாண்டில், மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் ஆண்ட தஞ்சாவூரில், அரசவைக் கணிகையான முத்துப்பழனி தெலுங்கில் பாடியது. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கே மணமுடித்துவிட்டு ராதை பொறாமையில் வேகிறாள். கண்ணன் வந்து சமாதானம் செய்கிறான். காமத்தைத் தனக்கும் உரியதாக எண்ணி வாய்விட்டுச் சொல்கிற பெண் இந்த ராதை. கவிராயர்கள் எழுதிய சிருங்காரத்தை ரசித்துக் கேட்டவர்களுக்கு ஒரு பெண் எழுதியது பொறுக்கவில்லை.

1887-இல் அச்சேறிய பதிப்பில், கவி தன் பாட்டி, தாய் வழியாகச் சொன்ன குலவரலாறு காணாமற்போனது. பல பாடல்களும் போயின. சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், பெண் வாயில் வரத்தகாத பேச்சு என்று நூலைக் கண்டித்து எழுதினார். தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப்பிடித்து, விடுபட்டவற்றைச் சேர்த்து, 1910-இல் வாவிள்ள பதிப்பகம் வழியாக முழு நூலையும் கொண்டுவந்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா என்று முன்னுரையில் கேட்டார். ஒரே ஆண்டுக்குள் ஆபாசம் என்று தடை வந்தது. தெலுங்குப் பண்டிதர்கள் மனுப்போட்டும் பலனில்லை.

அந்தக் காலத்து நீதிமன்றங்கள் ஆபாசத்தை அளக்க எடுத்த அளவுகோல், 1868-இல் லண்டன் தீர்ப்பொன்றில் பிறந்தது. ஒரு நூல் யார் கையில் சிக்கக்கூடும், எளிதில் கெடக்கூடிய மனத்தை அது கெடுக்குமா என்பதே கேள்வி. எளிதில் கெடக்கூடியவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தவர்கள் இளையவர்கள். 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபாச நூல் விற்பதற்குத் தனித் தண்டனையே 1925-இல் சட்டத்தில் ஏறியது.

ஏட்டைப் படிக்கக்கூடிய பிள்ளைக்கு இத்தனை காவல். உயிரும் உடம்புமாக நின்ற பிள்ளைக்கு?

1860-இன் தண்டனைச் சட்டத்தில் பெண்ணின் சம்மத வயது 10. கல்கத்தாவில் ஏறக்குறைய 11 வயதுச் சிறுமி புல்மணி, கணவனால் இறந்தாள். வழக்கு 1890-இல் நடந்தது. அவள் பத்தைக் கடந்துவிட்டதால் வன்புணர்ச்சிக் குற்றம் எழவில்லை. அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். மறு ஆண்டு அந்த வயதை 12 ஆக்கியபோது, திலகர் உள்ளிட்ட பலர் மதத்தில் தலையிடுவதாக எதிர்த்தார்கள். ஒரு புத்தகத்தை முடக்க ஓராண்டு போதுமாயிருந்த நாட்டில், ஒரு குழந்தைக்கு இரண்டு வயது கூட்டிக்கொடுக்க முப்பது ஆண்டு ஆயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதும் வாங்குவதும் 1860 முதலே குற்றம்தான். அதைக்கொண்டு, சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து தேவதாசியாக்கப் பொட்டுக்கட்டுவோர் மீது சில வழக்குகளும் நடந்தன. ஆனால் வழக்கம் நிற்கவில்லை. அதை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள், அதே தேவதாசி மரபில் வந்தவர். 1930-இல் முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம் அத்தகைய பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலமானது.

அவரை எதிர்த்து அரசுக்கு மனுக்கொடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் நாகரத்தினம்மாள். பாட்டும் கல்வியும் சொத்துரிமையும் கொண்ட தங்கள் சமூகம் முழுவதையும் விபசாரிகள் என்று முத்திரை குத்துகிறார்கள் என்பது அவர் வேதனை. அதில் நியாயம் உண்டு. ஆனால் பொட்டுக்கட்டப்படும் சிறுமியை யாரும் விருப்பம் கேட்பதில்லை என்ற முத்துலட்சுமியின் வழக்குக்கு அது விடையாகாது.

1947-இல், சென்னை மாகாண முதல்வராக இருந்த தங்குடூரி பிரகாசம் ‘ராதிகா சாந்தவனம்’ மீதிருந்த தடையை நீக்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், ஓமந்தூரார் ஆட்சியில், பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1952-இல் நூல் மறுபதிப்புக் கண்டது. நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டே. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கிறது அவருடைய சிலை.